மூன்றாவது படகு

கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுவதும் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கல் ரயிலில் தெரிந்துகொண்டது. இதுவரை நான் கப்பலில் ஏறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டு ஏரியில் கால்மிதிப் படகில் ஏறினேன். கணவர் மிதித்தார், மகள் சிரித்தாள், நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்ததும் "நீயெல்லாம் கப்பல் கதை படிக்கிறே" என்றார் கணவர். அந்தக் கேலி இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் புயல் வரும்போது எந்தப் பாயை முதலில் சுருட்ட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடல் கதைகள் என்றால் எனக்குப் பைத்தியம். எழுதியவர்கள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டதால் அந்த ஆங்கில நாவல்கள் போனில் சும்மாவே கிடைக்கின்றன. அதெல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள் படிக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொல்கிறவர்கள் படித்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் உலக வரைபடத்தின் தென்கோடியில் எதுவும் எழுதாத வெள்ளை இடம் இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்துக்கு ஒரு மரக்கப்பலை அனுப்பி, அதில் இத்தனை பிஸ்கட், இவ்வளவு தண்ணீர், இத்தனை பிடிவாதம் என்று ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருவதை நம்மைப் பார்க்க வைப்பார்கள். கடைசியில் பிடிவாதம் மட்டும் மிஞ்சும்.

அவர்களுடைய சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கயிற்றில் முடிச்சு போடுவதை இரண்டு பக்கம் எழுதுவார்கள். எந்தக் கை மேலே, எந்த முனை உள்ளே என்று அலுக்காமல் சொல்வார்கள். நாமும் மனதுக்குள் முடிச்சு போட்டுப் பார்ப்போம். அடுத்த பக்கத்தில் கப்பலைவிடப் பெரிய ஒரு ஜந்து தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வரும். முடிச்சை நம்பியவள் ஜந்துவை மட்டும் எப்படி நம்பாமல் இருப்பது? எழுதியவர்களில் சிலர் வீட்டை விட்டு வெகுதூரம் போனதே இல்லை என்று படித்தபோது எனக்கு அவர்கள் மேல் மதிப்பு இன்னும் கூடித்தான் போனது. நமக்கும் அவர்களுக்கும் ஒரு கால்மிதிப் படகு தூரம்தானே என்று தோன்றியது.

நான் கரூரிலிருந்து கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தவள். கணவருக்கு அங்கேயே தொழிற்பேட்டையில் உள்ள ஒரு ஐடி கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்து வண்டியில் போய்விடுவார். எனக்கு பூங்கா நகரில் ஒரு அலுவலகம். தினமும் காலையில் அம்பத்தூரில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறுவேன். ஆவடியிலேயே ஏறி, எங்களுக்கெல்லாம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைக்கிற ஒருவர் உண்டு. அவரை ஆவடி அக்கா என்போம். திருநெல்வேலிக்காரர், ஒரு வங்கியில் வேலை. ஒருநாள் நான் போனைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்து, "ஏட்டி, என்னட்டி ஆச்சு?" என்று கேட்டார். கேப்டனின் நாயை அடித்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றேன். எந்தக் கேப்டன் என்றார். சொன்னேன். "அப்புறம்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். அன்று முதல் தினமும் கதை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அதற்கென்று ஒரு முறையும் தானாக உண்டானது. எங்கள் கூட்டத்தில் திருமுல்லைவாயலில் ஏறும் ஒரு அக்கா இருந்தார். பெரியமேட்டில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. வருகிற வழியில் கீரைக்கட்டுகளை வாங்கி, பெரிய கட்டைப்பையில் போட்டு எடுத்து வருவார். ரயிலிலேயே ஆய்ந்துவிட்டால் மெஸ்ஸில் போய் நேராக அலசிப் போட்டுவிடலாம். கதை கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு ஆய்ந்து தர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "சும்மா காத மட்டும் குட்த்துகினு குந்திகினா எப்டி? கையிக்கும் வேல குடுங்கோ" என்று மடியில் தூக்கிப் போடுவார். சிறுகீரையோ முளைக்கீரையோ, கொரட்டூர் தாண்டுவதற்குள் எல்லா மடியிலும் பச்சை. கதை சொல்கிறவளுக்கு மட்டும் விலக்கு. பேசின் பிரிட்ஜ் வந்தால் சென்ட்ரலுக்குள் விடுவதற்கு முன் வண்டி சிக்னலுக்காக நின்றுவிடும். அங்கே நிற்காத நாள் அபூர்வம். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாது. அன்றைய கதையின் உச்சக்கட்டத்தை அந்த நிறுத்தத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொள்வேன். எல்லாரும் ரயில்வேயைத் திட்டுகிற இடத்தில் எங்கள் பெட்டியில் மட்டும் சத்தம் இருக்காது.

கீரை அக்காவைப் போலக் கதை கேட்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார். ஜந்து எவ்வளவு பெரிது என்று மற்றவர்கள் கேட்டால், இவர் குடிதண்ணீர் பீப்பாயை எதால் மூடியிருந்தார்கள் என்று கேட்பார். காரணம் உண்டு. அவருடைய ஒரே மகன் கப்பலில் வேலை பார்த்தான். ஐ.டி.ஐ. முடித்து, ஒரு ஏஜென்டைப் பிடித்து, ஒரு பழைய சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் சேர்ந்திருந்தான். போன் செய்யும்போதெல்லாம் எந்தக் கடலில் இருக்கிறேன் என்று சொல்வான். இந்த அக்கா மறுநாள் வந்து என் போனில் உலகப்படத்தைத் திறக்கச் சொல்லி, கீரை மண் ஒட்டிய விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். "இம்மா நீலத்துல எம்மவன் எங்கமே கீறான்?" என்பார். பெருமை முகத்தில் வழியும்.

அந்த வருஷம் நான் சொன்னது எல்லாவற்றிலும் பெரிய கதை. கல்கத்தாவில் சரக்கு ஏற்றிய ஒரு கப்பல், படத்தில் வெள்ளையாக இருக்கும் தெற்கைத் தேடிப் போகிறது. போகப் போகக் குளிர். அடித்தளத்துக்குக் கீழே ஏதோ ஒன்று முனகுகிறது. ஒரு பெரிய ஜந்து கப்பலுக்கு அடியிலேயே கூட வருகிறது என்று மாலுமிகள் நம்புகிறார்கள். கேப்டன் நம்பவில்லை, ஆனால் அவரும் படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டுதான் கிடக்கிறார். இதை எழுதியவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஜந்துவைக் கண்ணில் காட்டாமலே எங்கள் பெட்டி முழுவதையும் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொள்ள வைத்துவிட்டார்.

அப்போதுதான் கீரை அக்கா கேட்டார். "கல்கத்தாலேர்ந்து கெளம்புச்சின்ற. நம்பளாட்டம் ஆளுங்கோ யாருனா அதுல கீறாங்களா?"

இருந்தார்கள். லஸ்கர் என்று அவர்களை எழுதியிருந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கப்பல்களில் கூலிக்குச் சேர்ந்த நம் நாட்டுக் கடலோடிகள். இந்தக் கதைகளில் அவர்கள் எப்போதும் கும்பலாகவே வருவார்கள். கேப்டனுக்குப் பெயர் உண்டு, நாய்க்கும் பெயர் உண்டு, இவர்களுக்குக் கிடையாது. நான் மதிக்கிற அந்த எழுத்தாளர்களிடம் எனக்குப் பிடிக்காத இடம் அது. அவர்கள் கீழ்த்தளத்தில் பம்பு அடிக்கிறார்கள், ஒழுகி வரும் தண்ணீரை இறைக்கிறார்கள் என்று சொன்னேன்.

"எம்மவன் இன்ஜினாண்ட கீறா மாதிரி" என்றார் அக்கா. "கீயதான்."

அன்றிலிருந்து அவர் கேள்வியெல்லாம் அவர்களைப் பற்றித்தான். குளிருக்கு என்ன போட்டிருந்தார்கள், சோறு போட்டார்களா ரொட்டியா, பம்பு அடிக்கிறவனை யார் மாற்றிவிட்டது. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். இருந்தது கொஞ்சம்தான்.

கதை பனிக்கட்டிக்குள் நுழைந்த சமயத்தில்தான் மகனிடமிருந்து போன் வருவது நின்றது. கடைசியாகப் பேசியபோது, கப்பலை ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், கம்பெனிக்காரன் போனை எடுப்பதில்லை, டீசலும் தண்ணீரும் குறைவாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் பேசவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் ஏஜென்டின் ஆபீசுக்குப் போனால் பூட்டு தொங்கியது. மனு கொடுத்தார்கள். கொடுத்த இடத்தில் விசாரிக்கிறோம் என்றார்கள். வாரங்கள் ஓடின. அக்கா ஒருநாள்கூட லீவு போடவில்லை. வந்து உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, எல்லார் மடியிலும் போட்டுவிட்டு, "ம்ம், நீ சொல்லு" என்பார்.

எங்கள் பெட்டியில் யாரும் அந்த மகனைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். பெற்றவள் காத்திருக்கும்போது கெட்ட வார்த்தை காதில் விழக்கூடாது, வாயில் வந்தது பலித்துவிடும் என்று பயம். ஆவடி அக்கா என்னைத் தனியாகப் பிடித்து, "இந்தக் கப்பல் முங்கப் போகுதாட்டி?" என்றார். முங்கும் என்றேன். "அப்ப வேற கதை சொல்லு. இல்லைன்னா இதையே மாத்து" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீராப்பு மட்டும் இல்லை. அக்கா தினமும் கேட்டுவரும் அந்த லஸ்கர்களைப் பாதியில் விட்டுவிட்டு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து எனக்குச் சிக்குன்குனியா வந்தது. கணுக்கால் வீங்கி, பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். திரும்ப ரயிலேறிய காலையில் கால் வலியைவிட, பெட்டியைப் பார்த்ததுதான் வலித்தது. ஒருவர் மடியிலும் கீரை இல்லை. ஜன்னலோரத்தில் கீரை அக்காவின் இடத்தில் ஆவடி அக்காவின் கைக்குட்டை கிடந்தது, ஆள் இல்லை.

"எங்கே அவங்க?"

"பக்கத்து ஜெனரல் பெட்டியில ஏறுதா" என்றார் ஆவடி அக்கா. முகம் செத்துக் கிடந்தது. "நான் நல்லதுதான் நினைச்சேன் பிள்ளே."

நடந்ததை அவரே சொன்னார். நான் இல்லாத நாட்களில் கதையை அவர் கையில் எடுத்துக்கொண்டார். பனிக்கட்டி உருகிவிட்டது. ஜந்து என்பது ஒரு சாதுவான திமிங்கிலம், அது கப்பலை முட்டி முட்டி வழிகாட்டியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் கப்பல் மெட்ராஸ் ஹார்பருக்கே வந்து சேர்ந்தது. மேளதாளத்தோடு கேப்டனுக்கு மாலை போட்டார்கள். கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் வந்தது. நான் இத்தனை மாதமாகப் பாடுபட்டுத் தென்துருவத்துக்குக் கொண்டுபோன கப்பலை, நாலு நாள் படுத்த நேரத்தில் யூ-டர்ன் போட்டு ராயபுரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அது மட்டுமில்லை. அக்கா பாவம், மனசு சரியில்லாதவள் என்று, அவர் கையிலிருந்த கீரையையும் வாங்கி, மொத்தத்தையும் இவர்களே ஆய்ந்து பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் சும்மா சாய்ந்து உட்காருங்கள் என்றார்களாம். மறுநாள் அவர் இந்தப் பெட்டியில் ஏறவில்லை.

அடுத்த நாள் நான் ஜெனரல் பெட்டியில் ஏறினேன். ஆண்கள் கூட்டம், ஆளுக்கொரு முதுகுப்பை. நசுங்கி உள்ளே போனால், கதவை அடுத்த மூலையில் கட்டைப்பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பைக்குள் கட்டுகள் அவிழ்க்காமல் கிடந்தன.

"கால் வீக்கம் வத்திச்சாமே?" என்றார் முதலில்.

"பரவாயில்லக்கா. நீங்க ஏன் இங்க?"

வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "கப்பலு ஹார்பராண்ட வந்துட்சாமே. மேளம்லாம் வெச்சாங்களாம்."

"அது கதையே இல்லக்கா. அவங்களா சொன்னது."

"தெர்யும். இத்தினி நாளு நீ சொன்னதுல எந்தக் கப்பலு ஒயுங்கா ஊடு வந்து சேந்துச்சி? அவங்கோ நல்ல மன்சோடதான் சொன்னாங்கோ. அதாம்மே எனக்கு பயமா பூட்ச்சி. நான் கேக்கசொல்லோ கப்பலு முயுகக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கோன்னா இன்னா அர்த்தம்? எம்மவன் கப்பலு முயுகிப்போச்சின்னு அவங்களுக்குள்ளயே பேசி முடிச்சிட்டாங்கோ." காலடியிலிருந்த பையைக் காட்டினார். "என் மடியிலேர்ந்த கீரைய வாங்கி அவங்களே ஆஞ்சிக் குட்த்தாங்கோ. எங்க ஏரியால அப்டி எப்ப செய்வாங்கோ தெர்யுமா? சாவு ஊட்ல. அவ அடுப்பாண்ட போகக் கூடாதுன்னு நாலு பேரு வந்து வேலய எடுத்துப்பாங்கோ. நான் சாவு ஊட்டுக்காரி இல்லமே. எனக்கு யாரும் இன்னும் சொல்லல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் போனைப் பார்ப்பது போல் எங்களைப் பார்த்தார்கள்.

"இப்பச் சொல்லு" என்றார். "புக்குல கீறாப்பல சொல்லு. ஒண்ணியும் மாத்தாத."

சொன்னேன். வில்லிவாக்கத்தில் ஆரம்பித்தேன். கப்பலைப் பனிக்கட்டி இரண்டு பக்கமும் நெருக்குகிறது. அடியில் முனகியது ஜந்து இல்லை, பலகைகளைப் பனி நெருக்கும் சத்தம் என்று கேப்டனுக்குப் புரிகிறது. புரியும்போது நேரம் கடந்துவிட்டது. பலகைகள் முறிகின்றன. படகுகளை இறக்குகிறார்கள். முதல் படகில் கேப்டன், அது பனிப்பாறையில் மோதிப் போய்விடுகிறது. இரண்டாவது படகு ஒரு வெறுந்தீவை அடைகிறது. பறவை முட்டையும் கடல்நாய்க் கறியும் தின்று, கிழிந்த பாயைக் கூடாரமாக்கி, ஒரு குளிர்காலம் முழுவதும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, கடைசியில் ஒரு கப்பல் கண்ணில் பட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பகுதியைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மயிர்க்கூச்செறியும். மனிதன் எவ்வளவு சின்னவன், எவ்வளவு லேசில் சாகாதவன் என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்ல அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது.

"பம்பு அட்ச்சவங்கோ?"

"அவங்க மூணாவது படகுலக்கா. கடைசி வரைக்கும் தண்ணி இறைச்சிட்டு, கடைசியா இறங்கினாங்க. பனிமூட்டத்துல அந்தப் படகு மத்தவங்க கண்ணுலேர்ந்து மறைஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கு."

"அப்பால?"

"அவ்ளோதான். அப்புறம் அவங்களைப் பத்தி எதுவும் இல்ல."

வண்டி பேசின் பிரிட்ஜ் தாண்டி வழக்கம்போல் நின்றது. அக்கா என்னையே பார்த்தார்.

"முயுகிச்சின்னு எயுதிக்கீதா?"

"இல்ல."

"பொணம் ஒதுங்கிச்சின்னு?"

"இல்லக்கா. எழுதினவர் மறந்தே போயிட்டார்."

"அவுரு மறந்தா மறக்கட்டும்" என்றார். புடவை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "செத்துப்பூட்டாங்கன்னு எயுதல இல்ல? அப்ப வந்துகினு கீறாங்கோ."

மறுநாள் லேடீஸ் பெட்டியில் ஏறினார். ஆவடி அக்கா எழுந்து நின்று, என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தார். "குந்து, குந்து" என்று அவர் மடியில் ஒரு கட்டு முளைக்கீரையைப் போட்டார் கீரை அக்கா. எல்லாருக்கும் போட்டார். எப்போதும் விலக்குப் பெற்ற என் மடியிலும் ஒரு கட்டு விழுந்தது. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்றாவது படகின் கதையை அவரே சொல்ல ஆரம்பித்தார்.

நூறு கடல் கதைகளுக்கு மேல் படித்தவள் நான். இது அவற்றுக்குக் குறைந்ததில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். தலைப்பாகைத் துணியை நாலு மூலையும் கட்டி விரித்து வைத்து, காலையில் பனியீரத்தைப் பிழிந்து குடித்தார்கள். எப்படிக் கட்டினார்கள் என்று முந்தானையிலேயே கட்டிக் காட்டினார். பழைய புக்குக்காரர்களின் முடிச்சு வித்தையை யாரும் சொல்லித் தராமல் பிடித்துக்கொண்டுவிட்டாரே என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். மறுநாள் ஜந்து வந்தது. அவர் கதையில் அது பனிக்கட்டிச் சத்தமில்லை, நிஜமாகவே இருந்தது. படகுக்குப் பக்கத்தில் எழுந்து, ஒற்றைக் கண்ணால் ஒவ்வொருவரையும் பார்த்தது. "ஒண்ணியும் பண்ணல" என்றார். "கீய இருந்துகினு இத்தினி நாளு அது பாத்துகினுதான இருந்துச்சி, யாரு கீய வேல செஞ்சாங்கோன்னு." ஆவடி அக்கா ஒரு நாள் வாழைப்பழத் தீவு ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார். அந்தக் குளிரில் வாழை எப்படிக் காய்க்கும் என்று கீரை அக்கா அதை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

அந்தப் படகைக் கரை சேர்க்க மட்டும் அவர் ஒப்பவில்லை. நாங்கள் கெஞ்சினோம். "அவன் போனு வரட்டும்" என்பார். மழை வந்தது, பண்டிகை வந்தது, படகு போய்க்கொண்டே இருந்தது. சில நாள் அவர் கண் வீங்கியிருக்கும். அன்று படகில் ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், மற்றவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து உடம்புச் சூட்டைக் கொடுப்பார்கள். யாரையும் சாக விடவில்லை. அடுத்த நிமிஷமே கரையேற்றவும் இல்லை. காத்திருப்பது என்றால் என்ன என்று நான் அந்த நாட்களில்தான் பார்த்தேன். அவர் ஒரு நாளும் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பேசின் பிரிட்ஜ் சிக்னல். படகில் கடைசி மீனைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். பைக்குள் போன் அடித்தது. நீளமான, யாருக்கும் தெரியாத நம்பர். ஈரக் கையோடு எடுத்தார். "அல்லோ" என்றார். அப்புறம், "நைனா" என்றார். மகனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதற்குமேல் வெகுநேரம் அந்த ஒரு சொல்தான். "நைனா, நைனா, நைனா." ஆவடி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சத்தமாகவே அழுதேன்.

கப்பலில் டீசல் தீர்ந்து, விளக்கு போய், போன் சார்ஜ் போய், தார்ப்பாயில் மழைத்தண்ணீர் பிடித்து, தூண்டில் போட்டு மீன் பிடித்து அத்தனை பேரும் கிடந்திருக்கிறார்கள். இப்போதுதான் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு அலுவலகத்திலிருந்து பேசுகிறான், வந்துவிடுவான். தார்ப்பாய் என்று அவர் திருப்பிச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

போனை வைத்தார். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ டிபன் பாக்ஸைத் திறந்து கேசரியை அவர் வாயில் ஊட்டினார்கள். வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது. நாங்கள் பைகளை எடுத்து எழுந்தோம்.

"எங்க கெளம்பிட்டீங்கோ?" என்றார் கீரை அக்கா. "குந்துங்கோ. எம்மவன் வந்துட்டான். அவங்கோ வந்தாங்களா?"

எங்களுக்குச் சட்டென்று புரியவில்லை.

"படகுல கீறவங்களுக்கும் அம்மா கீறாங்க இல்ல?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பனிமூட்டம் விலகுகிறது என்று சொன்னார். தூரத்தில் கரை தெரிகிறது. கரையில் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பொம்பளைகள் நிற்கிறார்கள். படகு மணலில் தட்டுகிறது. ஒவ்வொருத்தனாக இறக்கினார். ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லி இறக்கினார். அந்தப் புத்தகத்தில் எவருக்கும் இல்லாத பெயர்கள். இத்தனை மாதமாக அவர் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பெயர் சொல்வார், அவனுடைய அம்மா ஓடிவருவாள். அடுத்த பெயர் சொல்வார்.

வண்டி சென்ட்ரலுக்குள் வந்து நின்றுவிட்டது. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் ஏறக் காத்திருந்தார்கள். எங்களில் ஒருவரும் அசையவில்லை. கடைசி ஆளையும் கரையில் இறக்கி அவன் அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான், அக்கா கீரைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.